கிணற்றில் தெரியும் முகம்

இன்பராஜ் விளையாடும் கேமில் ஒரு கிணறு உண்டு. முதல் லேப்டாப்பில் அது வெறும் கறுப்பு வட்டம். கிராஃபிக்ஸ் கார்டு மேம்பட்ட அடுத்த லேப்டாப்பில் அதற்குள் தண்ணீர் வந்தது. அதற்கும் அடுத்ததில் தண்ணீருக்குள் வானம் வந்தது, மேகம்கூட நகர்ந்தது. இனி வரப்போகும் கார்டில், எட்டிப் பார்க்கிறவனின் முகமும் தெரியுமாம். அவன் காத்திருந்தது அதற்குத்தான். கேமில் வரும் வீரனின் கண் வழியாகவே ஆடும் ஆட்டம் என்பதால், இத்தனை காலமும் வீரனின் கைகளை மட்டுமே பார்த்திருக்கிறான். வீரனுக்கு முகத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவன் மனைவி ஷைனி, கல்யாணமான புதிதில், அவன் டீ போடப் போன நேரத்தில். "யார் முகத்தை வச்சே?" என்று கேட்டால், "கார்டு வரட்டும், நீங்களே பாருங்க" என்பாள்.

அந்தக் கார்டோடு புது லேப்டாப் வந்தது. விசிறி இரைய, இன்பராஜ் கிணற்றை எட்டிப் பார்த்தான். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த ஷைனி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ஒரு இலை விழுந்து, அலைகள் சுவரில் மோதித் திரும்பி, மெல்ல அடங்கின. முகம் தெளிந்தது. இன்பராஜ் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"தெரியுதா?" என்றாள்.

"தெரியுது ஷைனி. பாசி மேல வெளிச்சம் எப்படி உடையுது பாரு! அடுத்த கார்டுல அடியில கிடக்கிற கல்லுகூடத் தெரியும்."

தண்ணீரில் இருந்த இன்பராஜின் முகம் மட்டும் ஷைனியையே பார்த்துக்கொண்டிருந்தது.