மாத்திரைக்கு மசியாத கிருமி

இளைய மருமகளுக்கு நீர்க்கடுப்பு என்றதும் அவள் கணவன் பெரிய டாக்டரிடம் காட்டி, ஒரு டப்பா மாத்திரையோடு வந்தான். மூத்தவளுக்கு வயிறெரிந்தது. அவளுக்கும் அதே கடுப்புதான். "தண்ணி நிறையக் குடி" என்பதோடு அவள் கணவனின் அக்கறை முடிந்துபோனது.

கடுப்பு முற்றி, இளையவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். "கொடுத்து வச்சவ! தாங்குறான் பாரு" என்று பொருமிய மூத்தவளும் குளிர்ஜுரத்தோடு பக்கத்துக் கட்டிலுக்கே வந்து சேர்ந்தாள்.

"ரெண்டு பேருக்குமே மாத்திரைக்கு மசியாத கிருமி. இனிமே ஊசிதான். மாத்திரையை முழுசா சாப்பிடாம பாதியில நிறுத்தினீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லியே டாக்டர், டப்பா காலியாகுற வரைக்கும் சாப்பிட்டேன்" என்ற இளையவள் திரும்பினாள். "அக்கா, நீங்க என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

மூத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்த டப்பாவிலிருந்தே தினமும் திருடி விழுங்கியவள், வேறெங்கே முகத்தை வைத்துக்கொள்வாள்?