சாம்பல் வண்டியின் கோளாறு

"அந்த மனுஷன் மண்டைக்குள்ள இருக்கிறது மூளையே இல்ல, வேற ஏதோ சமாச்சாரம்!"

கையுறையைக் கழற்றி பெஞ்சில் எறிந்தான் தாடிக்காரன். கார் மெக்கானிக் செய்முறைப் பரீட்சை முடிந்து கொட்டகையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தான். முகமே சொன்னது, ஃபெயில்.

பெஞ்சின் மறுமுனையில் காத்திருந்தவள் எழுந்து நின்றாள். அடுத்து அவள்தான்.

"அப்படி என்னதான் கோளாறு வச்சிருக்காரு?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்க நின்னு புலம்புறேன்? வண்டி ஜம்முனு ஓடுது. நல்லா சூடானதும் பொசுக்குனு அணைஞ்சிடுது. ஆறவிட்டா மறுபடி ஓடுது. சென்சார்லதான் கோளாறுன்னு ஸ்கேனர் காட்டுச்சு, மாத்தினேன். திரும்பவும் அணைஞ்சது. 'சரி, நீங்க போகலாம்'ங்கிறாரு ஊமைக்கோட்டான்."

ஊமைக்கோட்டான் என்பது பயிற்சியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர். மற்ற வண்டிகளில் அவர் வைக்கும் கோளாறுகளை யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு வயரைப் பிடுங்கிவிட்டிருப்பார், ஒரு ஃபியூஸை மாற்றியிருப்பார். இந்தச் சாம்பல் வண்டி மட்டும் வேறு ரகம். பரீட்சை அன்று மட்டும்தான் கொட்டகைக்கு வரும். எத்தனையோ பேட்ச் வந்து தோற்றுப் போயிருக்கிறது.

"நல்லா வேலை தெரிஞ்சவங்களாப் பார்த்துத்தான் அந்த வண்டியைத் தலையில கட்டுறாரு, பாவி" என்றான் தாடிக்காரன். "உனக்கும் அதுதான். போ, போய் அனுபவி."

அவளால் சிரிக்க முடியவில்லை. அவள் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பின் முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார். சான்றிதழோடு வந்தால் ஸ்கேனர் அவள் கையில். இல்லையென்றால் அது அவருடைய மச்சானுக்கு, அவள் பழையபடி டயர் கழற்றலாம். மச்சானுக்கு ஸ்கேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

உள்ளே போனாள். சாம்பல் வண்டி பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பயிற்சியாளர்.

"ஆரம்பிக்கலாமா சார்?"

தலையை மட்டும் அசைத்தார்.

வண்டியைக் கிளப்பினாள். ஓடியது. சூடேறியதும் ஒரு முனகல்கூட இல்லாமல் அணைந்தது. ஸ்கேனர் அதே சென்சாரைக் காட்டியது.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு, இல்லையா சார்?"

"நீங்கதான் சொல்லணும்."

அந்தக் குரலில் ஒன்றுமே பிடிபடவில்லை. எப்பேர்ப்பட்ட ஆள் என்று நினைத்துக்கொண்டாள். விடையை உள்ளே வைத்துக்கொண்டு எதிரே இப்படிக் கல்லுமாதிரி நிற்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

சென்சார் புதுசு. எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியையும் மாற்றிப் பார்த்த அடையாளம் இருந்தது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் போகும் வயர்தான். ஆனால் வயரில் ஒரு கீறல் இல்லை. விரலால் தடவிக்கொண்டே போனாள். பாம்புக்குட்டி மாதிரி வழவழவென்று இருந்தது.

"சார், ஹீட் கன் கிடைக்குமா?"

முதல்முறையாக அவர் புருவம் உயர்ந்தது. சூடான காற்றை ஊதும் அந்தக் கருவியை அவரே ஓடிப்போய் எடுத்துவந்தார்.

வண்டி ஆறும்வரை காத்திருந்து மறுபடி கிளப்பினாள். வயர் முழுவதற்கும் ஒரே சமயத்தில் சூடு காட்டாமல், ஒரு சாண் இடமாகச் சூடாக்கிக்கொண்டே வந்தாள். ஓடியது. அடுத்த சாண். ஓடியது. எஞ்சினைத் தாங்கும் இரும்புக்குப் பின்னால், வயர் வளைந்து திரும்பும் இடத்தில் சூடு பட்டதும் வண்டி செத்தது.



மேல்தோலைக் கத்தியால் கீறிப் பிரித்தாள். உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்து, முனையோடு முனை தொட்டும் தொடாமலும் கிடந்தன. சூடு ஏறினால் விலகும், ஆறினால் ஒட்டும். பூட்டு உடையாமல் வீட்டுக்குள் புகுந்து ஒருவன் பீரோவைக் காலி செய்த மாதிரி. அவளுக்குப் புல்லரித்தது.

இழைகளைச் சேர்த்துப் பற்றவைத்து மூடினாள். பயிற்சியாளர் அவளை முந்திக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கிளப்பினார். வளாகத்தை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று. போதும் என்று அவள் நினைத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தார். எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஓடியும் வண்டி அணையவில்லை.

இறங்கி வந்து மதிப்பெண் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். ஆனாலும் கேட்காமல் போக மனம் வரவில்லை. இப்படி ஒரு கோளாறைச் செய்துவைத்த கைகளை அவள் கும்பிடக்கூடத் தயார்.

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. மேல ஒரு கீறல்கூட விழாம, உள்ள மட்டும் எப்படி சார் அறுத்தீங்க?"

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

"மெதுவாப் பேசும்மா. நான் எங்க அறுத்தேன்? இது என் வீட்டுக்காரி வண்டி, வாங்கின நாள்லேர்ந்து நானும் தேடாத இடமில்ல."