முதல் கையெழுத்து

புது மந்திரியின் தோளில் பட்டுத்துண்டைப் போட்டுவிட்டு, பழைய மந்திரி யதுநாத் லம்சால் தன் நாற்காலியைத் தானே இழுத்துவிட்டார்.

"உட்காருங்கம்மா. லேசா ஆடும், பயப்படாதீங்க."

நிதி அமைச்சகத்தின் அந்த அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ரமிலா கார்க்கி மட்டும் சிரிக்கவில்லை.

நான்கு வருடமாக அவள் லம்சாலின் தனிச்செயலாளர். அவர் மூட்டை கட்டினால் அவளும் கட்ட வேண்டியதுதான். அதுகூடப் பெரிதில்லை. பட்ஜெட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எழுபத்தொரு வயது மனுஷனை இப்படிக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டாம்.

நடந்தது காத்மாண்டு முழுக்கத் தெரியும். ஐந்து கட்சிகள் தோள் கொடுத்து நிற்கிற ஆட்சி. அதில் கடைக்குட்டிக் கட்சிக்குப் பதினாறு உறுப்பினர்கள். அந்தப் பதினாறு பேரும் எழுந்து வெளியே நடந்தால், பின்னாலேயே பிரதமரும் வீட்டுக்கு நடக்க வேண்டும். போன வாரம் அந்தக் கட்சி பிரதமருக்கு ஒரு கடிதம் கொடுத்தது. லம்சாலை நீக்குங்கள், நிதித்துறையை எங்களுக்குக் கொடுங்கள், இல்லையென்றால் ஆதரவு இல்லை.

லம்சால் பிரதமரின் சொந்தக் கட்சிக்காரர். இரண்டு பேரும் ஒன்றாகச் சிறையில் இருந்தவர்கள். பிரதமர் ஒரு நாள் யோசித்தார். ஒரே ஒரு நாள்.

அதற்கப்புறம் சொந்தக் கட்சிக்காரர்களே லம்சாலைக் கையாலாகாதவர் என்று பேசினார்கள். தொகுதியில் டீக்கடைக்கு டீக்கடை அவர் பேச்சுதான், அவர் சிரிப்புதான். அவர் மனைவி போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

ரமிலாவின் வயிற்றெரிச்சல் வேறு. பாலங்கள்.

மேற்கு மலைகளில் இன்னும் பிள்ளைகள் ஆற்றின் மேலே கட்டிய இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். கப்பியில் மாட்டி விரல் போனவர்கள் உண்டு. ஆளே போனதும் உண்டு. அறுபத்து மூன்று தொங்குபாலங்கள் வேண்டும் என்று லம்சால் மூன்று பட்ஜெட்டில் எழுதினார். மூன்று தடவையும் பிரதமர் "அடுத்த வருஷம் பார்க்கலாம்யா" என்று கோடு போட்டு அடித்தார்.

சொந்தக் கட்சி மந்திரி. கோபித்துக்கொண்டு எங்கே போய்விடப் போகிறார்?

இந்த வருடம் எப்படியாவது நுழைத்துவிடலாம் என்று ரமிலா நம்பியிருந்தாள். இப்போது அந்த நாற்காலியில் கடைக்குட்டிக் கட்சியின் சோனாமதி சௌத்ரி. பர்தியா பக்கத்துச் சமவெளிக்காரர், முன்பு கணக்கு டீச்சர். மலையில் பிள்ளைகள் ஆற்றைக் கடக்கிற கதை அவருக்கு எதற்கு?

படம் எடுத்து முடித்ததும் பத்திரிகைக்காரர்களை வாசலுக்கு அனுப்பினார்கள். அதிகாரிகளும் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

பதவியேற்ற மந்திரி அன்றைக்கே ஒரு முடிவில் கையெழுத்துப் போடவேண்டும், அதுதான் வழக்கம். சோனாமதி கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாள் ஒன்றை ரமிலாவிடம் நீட்டினார்.

"தங்கச்சி, இதை டைப் பண்ணித் தர்றியா? ரெண்டு நாளா முட்டி மோதிப் பார்த்துட்டேன், பாதிதான் புரியுது. உன்னாலதான் முடியுமாம்."

ரமிலா பிரித்தாள். கோழி கிளறின மாதிரி எழுத்து, நான்கு வருடமாக அவளுக்குப் பழகினது. தடுமாறாமல் அதை வாசிக்க இந்த நாட்டில் அவள் ஒருத்தியால்தான் முடியும்.

'மேற்கு மலை மாவட்டங்களில் அறுபத்து மூன்று தொங்குபாலங்கள் இவ்வாண்டே தொடங்கப்படும்...'

அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். மிச்சம் இருக்கிறதா என்று தாளைத் திருப்பினாள்.

பின்பக்கத்திலும் அதே கோழிக் கிளறல். 'மாண்புமிகு பிரதமர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, ஆதரவை விலக்கிக்கொள்வோம் என்று முடிந்தது. நடுவில், 'நிதியமைச்சர் லம்சால் திறமை குறைந்தவர்' என்ற இடத்தில் கடைசி இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு, மேலே திருத்தி எழுதியிருந்தது: 'அடியோடு லாயக்கில்லாதவர்'.

ரமிலா நிமிர்ந்து பார்த்தாள். லம்சால் ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சார்... நீங்களா?"

"நான் கேட்டேன், மூணு வருஷமா அடிச்சான். இப்ப இந்தம்மா கேக்குறாங்க. எங்கே, அடிக்கச் சொல்லு பார்ப்போம்! பதினாறு பேரும் எழுந்துட மாட்டாங்க?"

சோனாமதி சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தார்.

"ஊரே உங்களைக் கேவலமாப் பேசுது சார்."

"பேசட்டும். நாப்பது வருஷமா எவ்வளவோ நல்லாப் பேசினாங்க. அதுல ஒரு பாலம் வந்துச்சா?" அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டார். "நீ இங்கேயே இரு. உன்னை விடமாட்டாங்களாம். என் எழுத்தைப் படிக்க ஆள் வேணுமாம்."

ரமிலா உட்கார்ந்து டைப் செய்தாள். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை வந்தது. அவளுக்கு அப்படி வருவதே இல்லை. சோனாமதி நிறுத்தி நிதானமாக, டீச்சர் கையெழுத்தில், பெயரை முழுசாகப் போட்டார்.

"சரி, வாசல்வரைக்கும் வந்து என்னை அனுப்பிவை" என்றார் லம்சால். "கேமராக்காரங்க நிக்கிறாங்க. முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கோ."

தாழ்வாரம் முழுக்க ரமிலா சிரிப்பை அடக்கிச் சமாளித்துவிட்டாள். வெளிப்படியில் கால் வைத்ததும் முடியவில்லை. துப்பட்டாவை எடுத்து வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். அப்படியும் தோள் குலுங்கியது.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான்.

கீழே ஒரே வரி: 'பதவி பறிபோய் வெளியேறும் லம்சால், துக்கம் தாளாமல் குலுங்கி அழும் செயலாளர்.'