நாற்காலித் தூக்கம்

"ஆபரேஷன் பண்ணிட்டா மெத்தையில காலை நீட்டி நிம்மதியா படுக்கலாம்" என்றார் டாக்டர்.

"எனக்கு மாத்திரையே போதும் சார்."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "படுத்தா நெஞ்செரியுதுன்னு ஒரு வருஷமா ஹால்ல நாற்காலியில உக்காந்தே தூங்குறாரு டாக்டர். கத்தின்னா அவ்வளவு பயம் இந்த மனுஷனுக்கு!" என்று பொரிந்து தள்ளிவிட்டு, மருந்துச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள்.

"உண்மையிலேயே பயமா?" என்று கேட்டார் டாக்டர்.

கதவு சாத்தியிருக்கிறதா என்று கணவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எரிச்சல் நிஜம்தான் சார். ஆனா நாற்காலி அதுக்கில்ல. அது என் பொண்ணு ரூம் வாசல்ல கிடக்கு. போன வருஷம் அவ சாகத் துணிஞ்சுட்டா. நல்லவேளை, நான் பார்த்துட்டேன். அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நான் ஆஸ்பத்திரியில படுத்துட்டா, அந்த வாசல்ல யாரு சார் இருப்பா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இப்படிக் காவல் இருந்தா மட்டும் போதாது. உங்க பொண்ணுக்குத்தான் முதல்ல வைத்தியம் பார்க்கணும். எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?"

"வெளியதான் உக்காந்திருக்கா சார்." அவர் கதவைக் காட்டினார். "அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து, கூடவே வந்திருக்கா."