பழைய நம்பர்

"லீவுல தொந்தரவு பண்றேன், சாரி சார்" என்று பெங்களூரிலிருந்து போனில் பதறினாள் நிவேதா. "சர்வருக்குப் புது அட்ரஸ் போட்டேன். பாதி கஸ்டமருக்கு ஓடவே இல்ல."

ஆண்டர்சன்பேட்டை வீட்டு வாசலில், வாடகை நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ராகுலன் நிமிர்ந்தான்.

"பழைய அட்ரஸை இன்னா பண்ணீங்க?"

"எடுத்துட்டேன் சார்."

"அதை யாரு எடுக்கச் சொன்னது? ஒரே சர்வருக்கு ரெண்டு அட்ரஸ் இருக்கலாம்ங்க. பழசைத் திருப்பிப் போடுங்க, புதுசும் கூடவே இருக்கட்டும். எதுல கூப்பிட்டாலும் பதில் சொல்லும்."

"பழசு எத்தனை நாளைக்கு சார்?"

"கூப்பிடறது நிக்கிற வரைக்கும். பழசு மட்டுமே தெரிஞ்சவங்க, பாவம், எங்க போவாங்க?"

ஐந்தே நிமிடத்தில் எல்லாருக்கும் ஓடியது. நிவேதா நன்றி சொல்லி வைத்தாள்.

தங்கை வெண்ணிலா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு பட்டன் போனை நீட்டினாள். நேற்று அடக்கம் செய்த அப்பாவின், அவர்களுடைய நைனாவின் போன்.

கூப்பிட்ட பட்டியல் முழுக்க ராகுலன் பெயர்தான். கடைசியாகக் கூப்பிட்டது, மாரடைப்பு வந்த அன்று காலை ஆறு மணிக்கு. எல்லாமே அவனுடைய பழைய நம்பருக்கு. தன் கல்யாணத்துக்கு நைனா வரவில்லை என்ற கோபத்தில், இரண்டு வருஷத்துக்கு முன் அவன் தூக்கியெறிந்த நம்பர்.

ராகுலன் பட்டனை அழுத்தி அழுத்திப் பட்டியலின் கடைசி வரை போனான்.

"என் புது நம்பரை அவருக்குக் குடுத்திருக்கலாமே, வெண்ணிலா?"

"குடுக்கக் கூடாதுன்னு நீதானேண்ணா எங்கிட்ட சத்தியம் வாங்கினே?"