மூன்று பேருக்குக் குறையாமல்

கீழே வருவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் மேல் ஆணை. புளுகுகிறவன் கண்ணில் அந்த மேட்டுத் தூசி விழட்டும்.

"நேத்து நைட்டு எத்தினி தபா போன?" என்று கேட்டார் ஜோஸ்.

நேசமணி மாவு மேசையைத் துடைத்துக்கொண்டே, "எங்க?" என்றார்.

"தங்கம் எடுக்கவா கேக்கறேன்? கக்கூசுக்குப்பா."

"ரெண்டு தபா."

"அஞ்சு."

"உனக்கு எப்டி தெரியும்?"

"எனக்குத் தெரியாதா?"

நேசமணி மறுபடி மேசையைத் துடைத்தார். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கதை அளப்பார். ஜோஸிடம் மட்டும் அவர் பொய் ஒரு நாளும் எடுபட்டதில்லை.

மாரிகுப்பத்தில், தண்டவாளம் முடிகிற இடத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை பன் கடை அது. பன் போடுகிறவர் நேசமணி. பாடம் நடத்துகிறவர் ஜோஸ். முதலாளி ஆபிரகாம். தங்கச் சுரங்கத்தின் ஒரே ஷாஃப்டில் ஒரே ஷிஃப்ட் பார்த்து, சுரங்கம் மூடிய அன்று ஒரே கேஜில், ஆள் ஏற்றும் இரும்புக் கூண்டில், மேலே வந்தவர்கள். மூவருக்கும் வயது அறுபத்து நான்கு.

பாடம், யாரோ புண்ணியவான்கள் இணையத்தில் இலவசமாகப் போட்டுவைத்தது. சாப்பாட்டுத் தொழிலில் இருப்பவர்கள் சுத்தம் கற்றுக்கொள்வதற்காக. யாரும் எடுக்கலாம், தங்கள் பேச்சுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம், எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். ஜோஸ் போனில் இறக்கி, மாற்று மாற்று என்று மாற்றிவிட்டார். கை கழுவாமல் மாவைத் தொடுகிறவன், ஹெல்மெட் இல்லாமல் கேஜில் ஏறுகிறவன் ஆனான். வெதுவெதுப்பில் கிருமி பெருகும் என்ற இடத்தில், "பூமிக்கு அடில நூறாவது லெவல் சூட்டுல நாம பொழைக்கல? அதும் பொழைக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஒரு வரியை மட்டும் தொடவில்லை: 'குழுவாகப் படிக்கவும். மூன்று பேருக்குக் குறையக் கூடாது. ஒருவர் வாசிக்க, ஒருவர் பதில் சொல்ல, ஒருவர் முடிவெடுக்க.' சுரங்கத்திலும் அதுதானே சட்டம். லெவலில் ஒண்டி ஆளை விடமாட்டார்கள். விழுந்தால் மேலே போய்ச் சொல்ல ஆள் வேண்டாமா?

ஜோஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "பாடம் ஆறு. வயித்தால போறவன் சாப்பாட்டுப் பொருளத் தொடக்கூடாது. நின்னப்புறமும் ரெண்டு நாள் வூட்ல இருக்கணும்."

"நாளைக்கு ஆனி டீச்சருக்கு எம்பது பன்னுபா," என்றார் ஆபிரகாம். "சண்டே ஸ்கூல் பசங்களுக்கு. கைய விரிச்சா அடுத்த தபா பங்காருபேட்டையில வாங்கிப்பாங்க."

"அந்தப் பசங்களுக்கும் வயித்தால போவட்டுமா?" என்றார் ஜோஸ்.

"நான் கிளவுஸ் போட்டுக்கறேன்," என்றார் நேசமணி. "ரெண்டு ஜோடி."

"எந்தக் கையால மாட்டுவ? இதே கையாலதான?" ஜோஸ் விடவில்லை. "பாடம் படிச்ச ஆளு, ஸ்டேஷன் போண்டாவ ஏன் தின்ன?"

"ஒண்டிக்கு உல வெக்க மனசு வரல."

தகரத்தின் மேல் ஒரு காக்கை நடந்தது.

"வூட்டுக்கு அனுப்பாதீங்கபா," என்றார் நேசமணி, மேசையைப் பார்த்தபடி. "அங்க நாலு செவுருதான் கீது. ரெண்டு நாளும் இன்னான்னு கேக்க நாதி இல்ல. இங்கன்னா நீங்களாவது கீறீங்க. ஒரு மூலையில குந்திக்கறேன். எதையும் தொடமாட்டேன்."

"குந்துவியா நீ? மாவு உப்புனா கை சும்மா இருக்குமா?" என்றார் ஜோஸ்.

இருக்காது என்று நேசமணிக்கே தெரியும்.

முடிவு ஆபிரகாமுடையது. ஈரத் துணிக்கு அடியில் காலையில் பிசைந்த மாவு துணியைத் தூக்கிக்கொண்டு எழுந்திருந்தது. நல்ல மாவு. அதையே பார்த்தார்.

"கொட்டிடு. கடைய மூடு. ரெண்டு நாள்."

மாவு குப்பைக் குழிக்குப் போனது. கை சோப்புக்குப் போனது. மூவருக்கும் போன் ஒன்றுதான். ஆபிரகாம் எடுத்து ஆனி டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் ஊருக்குப் புதிது. போனில் மட்டும்தான் பழக்கம்.

"நாளைக்கு பன்னு ஆவாதும்மா. நம்ம ஆளுக்கு ஒடம்பு சரியில்ல."

"அய்யோ, யாரு அங்கிள், அந்த பன் போடறவரா? வீட்ல பாத்துக்க யாராவது இருக்காங்களா? சாயங்காலம் நான் வேணா கஞ்சி எடுத்துட்டு வரட்டா?"

போன் காதில் சுட்டது.

"வேணாம்மா. பாத்துக்க நாங்க ரெண்டு பேர் கீறோம்."

போனை வைத்ததும் நேசமணி கேட்டார். "கஞ்சி கொண்டாரேன்னு தானா சொல்லுது. ஏன் வேணான்ன?"

"வந்தா தல எண்ணும்," என்றார் ஆபிரகாம்.

வருகைப் பதிவில் பாடம் ஆறுக்கு நேரே மூன்று கையெழுத்து விழுந்தது. பாடம் எங்கிருந்து எடுத்தது என்பதையும் ஜோஸ் சத்தமாக வாசித்து முடித்தார். பிறகு விளக்கு அணைந்தது, கதவு பூட்டப்பட்டது.

வாசலில் கிடந்த ஒரே ஜோடி செருப்பை மாட்டிக்கொண்டு, ஆபிரகாம் ஜோஸ் நேசமணி என்ற அந்த ஒரே ஆள் வீட்டுக்கு நடந்தார்.