எந்த டாக்டர்?

"சிஸ்டர், அந்த மெஷின் ஏன் இப்படிக் கத்துது?"

படுக்கைக்கு மேலே இருந்த மானிட்டர் வீல்வீலென்று அலறியதும் அவள் பதறி எழுந்தாள். பள்ளியிலிருந்து போன் வந்ததும் தையல் கடையிலிருந்து போட்டது போட்டபடி ஓடி வந்தவள். கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்கம்மா. நாடித் துடிப்பு எகிறினா அது அப்படித்தான் கத்தும்." நர்ஸ் ஒரு பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்தாள்.

படுக்கையில் கிடந்தது அவளுடைய ஒரே மகள். ஓரிடத்தில் நிற்காத பிள்ளை என்பதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர் பம்பரம். இப்போது அந்தப் பம்பரம் கண்ணை மட்டும் விழித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கும்போதே சரிந்து விழுந்துவிட்டதாம்.

"எல்லாம் உன்னாலதான்," என்றான் கணவன் அடிக்குரலில். அவன் பெயின்டர். விரல் இடுக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட் காய்ந்திருந்தது. "அன்னைக்கே நான் சொன்ன டாக்டர்கிட்ட விட்டிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா?"

"யாரு, உங்க மின்னல் டாக்டரா? நாம நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்றதுக்குள்ள சீட்டு எழுதிக் கையில குடுத்துட்டார். பிள்ளை முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாரா?"

"உன் டாக்டரம்மா மட்டும் என்னத்தைக் கிழிச்சாங்க? பிள்ளை எப்ப நடந்தா, எப்ப பேசினா, நான் சின்ன வயசுல எப்படி இருந்தேன்னு கதை கேட்டே காலத்தை ஓட்டிட்டாங்க. மருந்து கேட்டா, துளியூண்டுல ஆரம்பிப்போம், பொறுத்துப் பார்ப்போம்னு இழுக்கறாங்க."

"அதுதாங்க வைத்தியம்."

"அதுக்குப் பேரு வைத்தியம் இல்ல, வாய்தா."

பிள்ளைக்கு இருப்பது கவனம் ஒன்றில் நிலைக்காமல் துறுதுறுக்க வைக்கும் ஏடிஹெச்டி என்ற கோளாறு எனத் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். மருந்து வேண்டும் என்பதில் இருவருக்கும் சண்டையில்லை. எந்த டாக்டரின் மருந்து என்பதில்தான். ஒரு நாள் வாய்ச் சண்டை முற்றித் தட்டுகள் பறந்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். இருவரும் ஒரே டாக்டரை ஒப்புக்கொள்ளும்வரை மருந்தே கிடையாது. மீறி யார் கொடுத்தாலும் அன்றோடு அவரவர் வழி. பிள்ளையை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே பேசிய பேச்சு அது.

அதற்குப் பிறகுதான் பம்பரம் இளைக்கத் தொடங்கியது. சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தூக்கம் போனது. நகத்தைச் சுற்றித் தோலைப் பிய்த்துப் பிய்த்து ரத்தம் வந்தது. "மருந்து இல்லாம முத்திப்போச்சு," என்பான் அவன். "உங்க வீம்பாலதான்," என்பாள் அவள்.

டியூட்டி டாக்டர் வந்தாள். சின்ன வயசுக்காரி. ஸ்டெதஸ்கோப்பை வெகுநேரம் பிள்ளையின் நெஞ்சிலேயே வைத்திருந்தாள்.

"படுத்திருக்கிற குழந்தைக்கு, மாடிப்படி ஏறி ஓடுற மாதிரி நெஞ்சு அடிச்சுக்குது. பிரஷரும் ஜாஸ்தி. என்ன மாத்திரை சாப்பிடறா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். பல மாதங்களில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உள்ள ஏதாவது போயிருந்து, அது தெரியாம நான் ஒரு மருந்தை ஏத்தினா விபரீதமாயிடும். இங்க யாரும் உங்களைக் குத்தம் சொல்லப் போறதில்ல."

தாய் தன் கழுத்திலிருந்த அளவு நாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள். "டாக்டர்..." என்று தொடங்கியவள், கணவனின் முகத்தைப் பார்த்ததும், "தண்ணி குடுக்கலாங்களா?" என்று முடித்தாள்.

"மருந்து வாசனையே காட்டலைங்க. அதனாலதான் இந்தக் கதி," என்றான் அவன்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கொஞ்சம் வெளியே நில்லுங்க. நான் அவகிட்டயே பேசிக்கறேன்."

நர்ஸ் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

வராந்தாவில் ஒரு நாற்காலிகூட இல்லை. அவள் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க... ஒண்ணு சொன்னா கோபப்பட மாட்டீங்களே?"

"இப்ப எதுவும் சொல்லாதே." அவன் குரல் உடைந்திருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அவ எழுந்து வந்தாப் போதும். இனிமே நீ எந்த டாக்டரைச் சொல்றியோ அந்த டாக்டர். நான் வாயே திறக்க மாட்டேன்."

இத்தனை நாள் அவள் கேட்கத் தவித்த வார்த்தை. இப்போது அது அவளை ஓங்கி அறைந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டரிடம் போகலாம் என்று சுவரைப் பிடித்து எழுந்தாள்.

அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

"கண்ணு, நீ தினம் மாத்திரை ஏதாவது சாப்பிடறியா? தைரியமாச் சொல்லு. உன்னை யாரும் திட்ட மாட்டாங்க."

பிறகு பம்பரத்தின் குரல், உலர்ந்துபோன உதட்டிலிருந்து, மெல்ல வந்தது.

"எந்த மாத்திரையை ஆன்ட்டி கேக்கறீங்க? அப்பாகிட்ட சொல்லாதேன்னு அம்மா குடுக்கறதா, அம்மாகிட்ட சொல்லாதேன்னு அப்பா குடுக்கறதா?"